மீன் தொட்டிக்கு எந்த மூடி? மே வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் சேர்த்து யோசித்தது

கடையில் போய் மூடி கேட்டால் "கண்ணாடியா, அக்ரிலிக்கா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். நான் அதற்கு முன்னால் வேறு இரண்டு கேள்விகளை வைப்பேன். உங்கள் தொட்டியிலிருந்து ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் ஆவியாகிறது? அந்த ஆவி அறையை விட்டு வெளியேற வழி இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால், எதில் மூடி செய்வது, எவ்வளவு தூரம் மூடுவது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

எங்கள் வீடு சென்னை வேளச்சேரியில், முதல் மாடி. படுக்கையறையில் 3 அடி தொட்டி: 36 அங்குல நீளம், 18 அகலம், 18 உயரம். முத்து கௌராமிகள், செர்ரி பார்ப், அடியில் கோரிடோரஸ், பின்னால் வேலிஸ்னேரியா செடிகள். தொட்டிக்குப் பக்கத்திலேயே வெளிச்சுவரை ஒட்டி மர அலமாரி. வருடம் முழுக்க ஒன்றும் தெரியாது. வடகிழக்குப் பருவமழை பிடித்து, ஜன்னல்களைச் சாத்தி, துணிகளையும் உள்ளேயே உலர்த்த ஆரம்பித்தால்தான் அலமாரியின் கீழ்த்தட்டில் வாடை அடிக்கும். என் மாமியார்தான் முதலில் கவனித்தார். "ஏம்மா, மீன் தொட்டி பக்கத்துல இருக்குற தட்டுல மட்டும்தான் பூசணம் பூக்குது, பாத்தியா? அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல." அவர் பட்டுப்புடவைகளை வருடா வருடம் மடிப்பு மாற்றி வைப்பவர். அவர் கண்ணுக்குத் தப்பாது.

தொட்டியை நகர்த்துவது லேசான காரியமில்லை. தண்ணீர், மணல், கல் எல்லாம் சேர்த்து 200 கிலோவுக்குக் குறையாது. அதனால் மூடியைப் பற்றித் தீவிரமாக யோசித்தேன்.

முதல் வேலை, அளப்பது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். தொட்டியின் பக்கவாட்டில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு காகித டேப்பை ஒட்டி, பென்சிலால் கோடு போடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிட்டு, எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஃபில்டர், விளக்கு, மின்விசிறி எல்லாம் வழக்கம்போல ஓட வேண்டும். என் தொட்டியின் மேல்பரப்பு ஏறக்குறைய 4,180 சதுர சென்டிமீட்டர். ஆக 1 மில்லிமீட்டர் இறங்கினால் 0.42 லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கு. 2 அடிக்கு 1 அடி தொட்டி வைத்திருப்பவர்களுக்கு 1 மில்லிமீட்டர் என்பது சுமார் 0.19 லிட்டர். உயரம் இந்தக் கணக்கில் வராது. உயரமான தொட்டியும் குட்டையான தொட்டியும் மேல்பரப்பு ஒன்றாக இருந்தால், மற்றதெல்லாம் சமமாக இருக்கும்வரை, ஒரே அளவு தண்ணீரைத்தான் இழக்கும்.

என் தொட்டியில் ஏசி ஓடும் கோடை மாதங்களில் நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கியது, அதாவது 1.7 லிட்டர். மழைக்காலத்தில் 1.5 மில்லிமீட்டர்தான், 600 மில்லி. இதைப் பார்த்தவுடன் பலருக்கும் குழப்பம் வரும். ஈரம் அதிகமாகத் தெரிவது மழைக்காலத்தில்; தண்ணீர் அதிகமாகப் போவது கோடையில். காரணம் இதுதான். நீர்ப்பரப்பை ஒட்டியிருக்கும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். அறைக் காற்றில் அதைவிட எவ்வளவு குறைவாக ஈரம் இருக்கிறதோ, அந்த இடைவெளிக்கு ஏற்ப ஆவியாகும். ஏசி அறைக் காற்றைக் குளிரவைப்பதோடு உலர்த்தியும் விடுகிறது. அதனால் தொட்டி வேகமாக வற்றும். ஆனால் அந்த ஈரத்தை ஏசியே இழுத்து வெளியே குழாயில் சொட்டவிடுகிறது, அறையில் தங்குவதில்லை. மழைக்காலத்தில் காற்று ஏற்கெனவே நிறைந்து நிற்கிறது. அதனால் கொஞ்சம்தான் ஆவியாகும், ஆனால் அந்தக் கொஞ்சத்துக்கும் போக்கிடம் இல்லை.

எங்கள் அறை 12க்கு 12 அடி, உயரம் 10 அடி. சுமார் 41 கன மீட்டர் காற்று. 27 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 26 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அறை முழுவதையும் கூட்டினால் 1 லிட்டரைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மழை நாளில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும்போது அந்தக் காற்றில் மிச்சம் இருக்கும் இடம் 200 மில்லிக்குத்தான். தொட்டியோ ஒரு நாளில் 600 மில்லி தள்ளுகிறது. கதவிடுக்கில் வெளியேறியது போக மற்றதெல்லாம் சுவரிலும் மரத்திலும் துணியிலும் தான் போய் உட்கார வேண்டும். அதிலும் வெளிச்சுவர் மழையில் நனைந்து குளிர்ந்திருக்கும். அதை ஒட்டிய, காற்றே புகாத அலமாரித் தட்டில் பூசணம் வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழி முழுக்கத் தொட்டியின் மேல் போடக் கூடாது. வாஷிங் மெஷினிலிருந்து எடுத்த துணியை எடை போட்டுவிட்டு, காய்ந்தபின் மறுபடி எடை போட்டுப் பாருங்கள். வித்தியாசம் முழுவதும் அறைக் காற்றுக்குள் போன தண்ணீர். நாங்கள் அறைக்குள் கொடி கட்டித் துணி உலர்த்திய நாட்களில் தொட்டியைவிடத் துணிதான் அதிக ஈரத்தைக் கொட்டியது. சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரமானி கிடைக்கிறது. ஒன்று வாங்கி அலமாரிக்குப் பக்கத்தில் வையுங்கள். அறையில் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்து நின்றால் பூஞ்சைக்கு அது வசதியான இடம். வீட்டில் இளைப்பு, தூசி ஒவ்வாமை உள்ளவர்கள் இருந்தால் இந்த எண்ணைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். சென்னை மழையில் வெறும் மூடி போட்டு 60க்குக் கீழே கொண்டுவர முடியாது என்பதையும் ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். கொடியை வராந்தாவுக்கு மாற்றினோம், அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வைத்தோம், மழை விட்ட நேரத்தில் ஜன்னலைத் திறந்தோம். மூடி இவற்றோடு சேர்ந்துதான் வேலை செய்தது.

காசு செலவழிப்பதற்கு முன்னால் மூடியால் எவ்வளவு பயன் என்று சோதித்துப் பார்த்துவிடலாம். சப்பாத்தி சுற்றி வைக்கிற கிளிங் ஃபிலிமைத் தொட்டியின் மேல் இழுத்து ஒட்டுங்கள். பின்பக்கம் ஓரிரண்டு அங்குலம் திறந்தே இருக்கட்டும். விளக்கைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் அப்படியே விட்டு டேப் கோட்டைப் பாருங்கள். எனக்கு நாளொன்றுக்கு அரை மில்லிமீட்டருக்கும் கீழே வந்தது. ஈரமானியில் இரவு நேர எண்ணும் இறங்கியது. எண் கொஞ்சமும் அசையவில்லை என்றால் உங்கள் வீட்டு ஈரம் வேறு இடத்திலிருந்து வருகிறது. குளியலறை, கசியும் குழாய், மாடித் தளத்து விரிசல் என்று அங்கே தேடுங்கள். மூடிக்கான செலவு மிச்சம்.

சோதனையின்போதே இன்னொரு விஷயமும் தெரிந்தது. தொட்டிக்கு நேர் மேலே சீலிங் ஃபேன். அதன் காற்று நீர்ப்பரப்பில் படிந்திருக்கும் ஈரக் காற்றை ஓயாமல் துடைத்து எடுத்துக்கொண்டு போகிறது. மூடி போடாமலே ஃபேனை இரண்டு எண் குறைத்தாலே மட்டம் இறங்குவது குறையும். ஏர் பம்பைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். நிமிடத்துக்கு 3 லிட்டர் காற்று தள்ளும் சின்ன பம்ப் ஒரு நாளைக்கு 4.3 கன மீட்டர் காற்றைத்தான் தண்ணீருக்குள் விடுகிறது. அது முழுக்க ஈரத்தில் தோய்ந்து வெளியே வந்தாலும் 120 மில்லிக்குள்தான் அடங்கும். அதிலும் பெரும்பகுதி, உள்ளே போகும்போதே அந்தக் காற்றில் இருந்த ஈரம். குமிழி உடையும்போது தெறிக்கும் திவலைதான் தொல்லை. அதற்கு மூடியே மருந்து.

இனி எதில் செய்வது.

அக்ரிலிக்கை நான் தவிர்ப்பேன். பார்க்க அழகு, எடை குறைவு, உடையாது, எல்லாம் சரி. ஆனால் அக்ரிலிக் ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும். அடிப்பக்கம் ஈரத்தில் ஊறி விரிய, மேல்பக்கம் உலர்ந்தே இருக்க, தகடு வளைந்து ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். 3 மில்லிமீட்டர் தகட்டில் சில வாரங்களிலேயே இது தெரியும். திருப்பிப் போட்டால் மறுபடி நேராகும், பிறகு எதிர்ப்பக்கம் வளையும். சின்ன பைட்டர் மீன் தொட்டிக்கு அது போதும். 3 அடிக்குப் போதாது.

பால்கனி ஷெட்டுக்குப் போடும் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் ஷீட் நல்ல மாற்று. 6 மில்லிமீட்டர் தடிமனில் வாங்கினால் கட்டர் கத்தியாலேயே வீட்டில் வெட்டிவிடலாம். வளைவதும் குறைவு. நடுவில் காற்று அடைபட்டிருப்பதால் வெப்பத்தையும் ஓரளவு தடுக்கும். ஆனால் வெட்டிய ஓரத்தில் அந்தக் குழாய்களின் வாய் திறந்தே இருக்கும். சிலிக்கான் வைத்தோ டேப் ஒட்டியோ அடைக்காவிட்டால் உள்ளே நீர் புகுந்து பாசி படியும், அதன்பின் சுத்தம் செய்யவே முடியாது. செடி வளர்ப்பவர்களுக்கு இன்னொரு குறை, வெளிச்சத்தைச் சிதறடிக்கும். மேலிருந்து மீனைப் பார்க்கவும் முடியாது.

கடையில் தொட்டியோடு சேர்த்துத் தரும் கறுப்பு பிளாஸ்டிக் டாப் ஆவியைப் பிடித்து வைக்கும், சந்தேகமில்லை. ஆனால் விளக்கும் ஒயரும் அந்த ஈரத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். துரு பிடிப்பது அங்கேதான் தொடங்கும். வலை போட்ட சட்டம் மீன் குதிப்பதைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

நான் தேர்ந்தெடுத்தது 5 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடி, இரண்டு துண்டாக. கண்ணாடிக்கு எடை கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டருக்கு, தடிமனின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2.5 கிலோ. என் தொட்டிக்கு ஒரே துண்டாகப் போட்டால் 5 கிலோ வரும். தினமும் தீனி போடத் தூக்குகிற பொருளுக்கு அது அதிகம். இரண்டாகப் பிரித்தால் துண்டுக்கு இரண்டரை கிலோ, ஒரு கையால் எடுக்கலாம். இரண்டாகப் பிரிப்பதில் அதைவிடப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது, வெயில் பற்றிப் பேசும்போது வருகிறேன்.

பாரிமுனையில் தேவராஜ முதலி தெருப் பக்கம் கண்ணாடிக் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே ஒரு கடையில் அளவுச் சீட்டை நீட்டியபோது வெட்டுகிற அண்ணன் கேட்டது இதைத்தான்: "அக்கா, தொட்டியில உள் பட்டை இருக்கா? மூடி பட்டை மேல உக்காரணுமா, சுவத்து மேல உக்காரணுமா?" நம்மூர்த் தொட்டிகளில் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, நீளவாக்கில் கண்ணாடிப் பட்டை ஒட்டியிருப்பார்கள், தொட்டி விரியாமல் பிடித்து நிறுத்த. மூடி அந்தப் பட்டையின் மேல், அதாவது தொட்டிக்கு உள்ளே, உட்கார வேண்டும். மூடி விஷயத்தில் வேறு எதைவிடவும் முக்கியமானது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது உள்பக்கம் முத்து முத்தாக நீர் நிற்குமே, தொட்டி மூடியின் அடியிலும் அதேதான். துளிகள் பக்கத்துத் துளிகளோடு சேர்ந்து பெருக்கும், கனம் தாங்காமல் சில நேராகக் கீழே விழும். மூடி ஒரு பக்கம் சற்றே தாழ்ந்திருந்தால் மற்றவை அந்த ஓரத்தை நோக்கி ஊர்ந்து வரும். ஓரம் தொட்டிக்கு உள்ளே முடிந்தால் சொட்டு மறுபடி தண்ணீரிலேயே விழுகிறது. ஆனால் மூடி தொட்டிச் சுவரின் விளிம்பின் மேல் படுத்திருந்தால், இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் மயிரிழை இடுக்கில் தண்ணீர் தானாகப் பரவி வெளிப்பக்கத்துக்கு வந்துவிடும். பிறகு சுவர் வழியாக ஒரு கோடாக இறங்கி, தொட்டியைத் தாங்கும் ஸ்டாண்டில் போய்ச் சேரும். கண்ணுக்கு அது ஈரக்கோடு மாதிரிதான் தெரியும். பிளைவுட் ஸ்டாண்டாக இருந்தால் சில மாதங்களில் ஓரம் உப்பி, ஒட்டு விட்டுவிடும். உள் பட்டை இல்லாத தொட்டிக்கு, விளிம்பில் மாட்டி உள்பக்கமாக மூடியைத் தாங்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் கிடைக்கின்றன. 3 அடிக்கு ஆறு கிளிப்பாவது போடுங்கள். முன்பக்கம் ஓர் இம்மி தாழ்வாக இருக்கட்டும்.

அளவு எடுக்கும்போது தொட்டியின் இரண்டு முனைகளிலும், நடுவிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். கையால் ஒட்டிய தொட்டிகளில் இரண்டு நூல் (கால் அங்குலம்) வரை வித்தியாசம் வருவது சகஜம். இருப்பதிலேயே சிறிய அளவை எடுத்து, அதிலும் ஒவ்வொரு பக்கம் 3 மில்லிமீட்டர் குறைத்துச் சொல்லுங்கள். ஃபில்டர் குழாயும் ஹீட்டர் ஒயரும் போகப் பின்மூலையில் முக்கோண வெட்டு. எல்லா ஓரமும் பாலிஷ் செய்திருக்க வேண்டும். செய்யாத ஓரம் கையைக் கிழிக்கும். வீட்டில் சின்னக் குழந்தைகள் தொட்டியின் மேல் சாய்வார்கள் என்றால் டஃபன்ட் கண்ணாடி (சூட்டில் வலுவேற்றியது) நல்லது. அந்த அண்ணன் சொன்னதையே சொல்கிறேன்: "டஃபன் பண்ணிட்டா அப்புறம் ஒரு நூல்கூட வெட்ட முடியாது. மூலைய இப்பவே வரைஞ்சு குடுத்துடுங்க." கைப்பிடிக்கு ஒரு சின்ன அக்ரிலிக் குமிழை சிலிக்கானால் ஒட்டினேன். மீன் தொட்டிக்கான சிலிக்கானையே வாங்குங்கள். பூஞ்சை தடுக்கும் மருந்து கலந்த குளியலறை சிலிக்கான் மீனுக்கு ஆகாது.

மூடியை முழுக்க அடைத்துப் போடக் கூடாதா என்று கேட்பார்கள். கூடாது. மூலை வெட்டும், ஓர இடைவெளிகளும், பின்னால் ஒரு அங்குலத் திறப்பும் இருந்தால் மீன் சுவாசிக்கத் தேவையான காற்றோட்டத்துக்குத் தாராளமாகப் போதும். நீர்ப்பரப்பு அசைந்துகொண்டிருப்பதுதான் முக்கியம். கௌராமி, பைட்டர் போல மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன்களுக்கு நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவில் இரண்டு மூன்று அங்குலம் விடுங்கள். அந்த இடத்தில் தேங்கும் வெதுவெதுப்பான ஈரக் காற்று அவற்றுக்கு நல்லது. குஞ்சு பொரித்திருக்கும் சமயத்தில் இன்னும் நல்லது.

இப்போது வெயில். மூடியால் நம் ஊரில் நேரும் பெரிய சங்கடம் இதுதான், குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது. தண்ணீர் ஆவியாகும்போது தொட்டியிலிருந்து வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு நாளைக்கு 1 லிட்டர் ஆவியாவது, 28 வாட் அளவுக்கு இரவும் பகலும் இடைவிடாமல் குளிர்விப்பதற்குச் சமம். மூடி போட்டு அந்த 1 லிட்டரைத் தடுத்தால், தொட்டிக்குள் 28 வாட் ஹீட்டர் ஒன்றைப் போட்டது போன்ற விளைவுதான். அக்னி நட்சத்திரத்தில் பகல் முழுக்க ஏசி இல்லாத அறையில், திறந்திருக்கும் தொட்டி அறையைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். மூடிய தொட்டி அறையோடு சேர்ந்து ஏறும், விளக்கின் சூடு வேறு. தண்ணீர் சூடாக ஆகக் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை நிற்கும், 32 டிகிரியில் 7.3 தான். அதே நேரத்தில் மீனுக்குத் தேவை கூடும்.

அதனால்தான் இரண்டு துண்டு. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டையும் போட்டு மூடிவிடுகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் பின்துண்டை எடுத்து வைத்துவிட்டு, அந்தத் திறப்பில் மட்டும் மீன் குதிக்காமல் இருக்க வலை போட்ட சட்டம். ஃபேன் காற்று அங்கே பட்டு ஆவியாகிக் குளிர்ச்சி தருகிறது. ஈரத்தைப் பற்றி அப்போது கவலையில்லை, ஜன்னல்கள் திறந்திருக்கும், இல்லாவிட்டால் ஏசி ஓடும். தை மாதத்தில் இரவு குளிர ஆரம்பித்தால் மறுபடி முழுவதும் மூடினால் ஹீட்டர் ஓடுவது குறையும். ஒரே துண்டு மூடி வைத்திருப்பவர்களால் இப்படிப் பருவத்துக்குத் தகுந்தபடி மாற்ற முடியாது.

ஏசி செலவு மிச்சமாகுமா? கொஞ்சம். 1 லிட்டர் ஆவியை மறுபடி நீராக்க ஏசி எடுக்க வேண்டிய வெப்பம் 0.67 யூனிட்டுக்குச் சமம். அதற்கு அது இழுக்கும் மின்சாரம் 0.2 யூனிட் சுமார். மாதத்துக்கு ஐந்தாறு யூனிட். இதற்காக மட்டும் மூடி போட வேண்டியதில்லை.

உப்புதான் பெரிய காரணம், இதை யாரும் பேசுவதில்லை. ஆவியாகும்போது தண்ணீர் மட்டும் போகிறது, உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. ஏசி மாதங்களில் எங்கள் தொட்டி மாதத்துக்கு 50 லிட்டர் குடித்தது. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள போர் தண்ணீரை ஊற்றி அதை நிரப்பினால், மாதம் 50 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போகிறது. நிகர நீர் 150 லிட்டர் என்றால் டிடிஎஸ், அதாவது லிட்டரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, மாதம் 330 மில்லிகிராம்போலக் கூடும். தண்ணீர் மாற்றும்போது கொஞ்சம் இறங்கும், ஆனால் மாற்றுவதும் அதே போர் தண்ணீர்தான். "தண்ணி மாத்திக்கிட்டேதான இருக்கேன், ஏன் மீன் சோர்ந்து கிடக்கு?" என்று கேட்பவர்கள் பலருக்கு நான் முதலில் சொல்வது, ஆவியான அளவை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள் என்பதுதான். இரண்டு துண்டையும் போட்டு மூடினால் அந்த 50 லிட்டர் கால்வாசிக்கும் கீழே வரும். ஏசி குழாயில் சொட்டும் தண்ணீர் சுத்தம்தானே என்று அதைப் பிடித்து ஊற்றாதீர்கள். அது செம்பு, அலுமினியக் குழாய்களின் மேல் வழிந்து, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வருவது. செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு.

வெளிச்சம் குறையும் என்ற பயத்தில் செடி வளர்ப்பவர்கள் மூடியே வேண்டாம் என்கிறார்கள். சுத்தமான கண்ணாடி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் தடுக்கும். வெள்ளைப் படிவம் கட்டினால்தான் வெளிச்சம் நிஜமாகவே குறையும். மூடியின் அடியில் நிற்கும் துளி கிட்டத்தட்டக் காய்ச்சி வடித்த நீர், அது காய்ந்தால் கறை வராது. குமிழி தெறித்துப் படும் இடத்தில்தான் உப்பு படிகிறது. அதனால் ஏர் ஸ்டோனை (பம்பின் காற்றைக் குமிழிகளாக விடும் கல்) விளக்குக்கு நேர் கீழே வைக்காமல் ஒரு மூலைக்குத் தள்ளினாலே பாதிப் படிவம் நின்றுவிடும். மிச்சத்துக்கு, கண்ணாடியை வெளியே எடுத்துப் பாதி எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக் கழுவினால் போதும். ஜன்னல் துடைக்கும் ஸ்ப்ரேயைத் தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். விளக்கைக் கண்ணாடி மேல் சற்றுத் தூக்கி வையுங்கள், ஒயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், ஒயர் வழியே வழியும் சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும்.

குன்னூரில் இருக்கும் என் தம்பி வீட்டில் கதையே வேறு. அங்கே அறை 14 டிகிரி, தொட்டி 26 டிகிரியில் ஹீட்டரால் நிற்கிறது. ஆவியாவது எங்கள் மழைக்காலத்தைவிடப் பல மடங்கு, காலையில் ஜன்னல் கண்ணாடி முழுக்க நீர் வழியும். அவனுக்கு நான் சொன்னது பாலிகார்பனேட். பின்னால் சின்ன இடைவெளி தவிர எல்லாம் மூடி, வருடம் முழுக்க. வெப்பத்தைத் தடுக்கும் குணம் அங்கே வரம், ஹீட்டரும் அதற்குப்பின் அடிக்கடி ஓடுவதில்லை.

மூடி போட்டபின் தானாகக் கிடைத்த நன்மைகளும் உண்டு. டியூப்லைட்டைச் சுற்றும் பல்லி தொட்டிக்குள் விழுவது நின்றது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் ஃபேன் தூசியும் நீர்ப்பரப்பில் ஏடாகப் படிவது குறைந்தது. தானியங்கித் தீனிப் பெட்டி வைக்க மட்டும் இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. மூடியின் துளை வழியாக வரும் ஈரக் காற்றில் குருணை கட்டிதட்டிப் போகிறது. ஊருக்குப் போகும் நாட்களில் பெட்டியைத் துளைக்கு நேரே வைக்காமல் திறந்த பின்பக்கத்தில் ஃபேன் காற்று படும்படி வைக்கிறோம், ஓரளவு சரியாக இருக்கிறது.

கொசு மருந்து விஷயத்தில் மட்டும் மூடியை நம்பி இருந்துவிடாதீர்கள். ஸ்ப்ரேயிலும் பிளக்கில் மாட்டும் திரவத்திலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. மூடி இருந்தாலும் ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள்ளேயே விடுகிறது. ஸ்ப்ரே அடித்தே ஆக வேண்டும் என்றால் பம்பை நிறுத்தி, மூடியின் மேல் ஈரத்துண்டு போர்த்தி, அடித்துவிட்டு ஜன்னலைத் திறந்து, காற்று மாறியபின் பம்பை ஓடவிடுங்கள். நாங்கள் படுக்கையறையில் மருந்தையே நிறுத்திவிட்டுக் கொசுவலைக்கு மாறிவிட்டோம்.